ஏ.எஸ்.ஓ.டி. பார்ப்பதா, தொண்டையைத் துடைப்பதா, உடனே வண்டி ஏறுவதா?

இரண்டு மாதங்களுக்கு முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை. ஆய்வுகூடத்தின் கதவைத் திறக்க வந்தபோதே வெளி வாங்கில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டக்காரர்; முதல் பஸ்ஸைப் பிடித்து ஹட்டனுக்கு வந்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த சீட்டொன்றை எடுத்து நீட்டினார். வேறோர் இடத்தில் செய்த இரத்தப் பரிசோதனை. 'ஏ.எஸ்.ஓ.டி. 400' என்று அச்சடித்து, அதற்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தார்கள். பரிசோதனை ஒன்பது வயது மகளுக்கு.

"மிஸ், இந்த நானூறை எப்படி இறக்குவது? விட்டால் இருதயத்துக்குப் போய்விடும் என்கிறார்களே" என்று கேட்டார்.

பிள்ளைக்கு இப்போது என்ன செய்கிறது என்று கேட்டேன். ஒன்றுமில்லையாம். ஒரு கிழமைக்கு முன்னர் முழங்கால் வலிக்கிறது என்று சொன்னாளாம். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு ஓடிப் பழகிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த வலிக்கு யாரோ இந்தப் பரிசோதனையைச் சொல்ல, இவரும் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய நாட்கூலியை, விட்டுவிட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போய்ப் பணம் கட்டிச் சீட்டை வாங்கிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

நான் வைத்தியர் அல்ல. இருபது வருடங்களுக்கு மேலாக மற்றவர்களின் இரத்தத்தைச் சுழற்றியும் கலக்கியும் பார்த்து வருகிறவள், அவ்வளவுதான். ஆனால் இந்த ஏ.எஸ்.ஓ.டி. படுத்தும் பாடு எனக்குத் தெரியும். தேவையில்லாதவர்கள் இதற்கு வரிசையில் நிற்கிறார்கள். தேவையானவர்களுக்கு யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. இன்னும் சிலர், இதைப் பார்க்க நேரமே இல்லாத நோயை வைத்துக்கொண்டு இதற்காகக் காத்திருக்கிறார்கள். எந்த நோய்க்கு, எத்தனையாவது நாளில், எந்தப் பரிசோதனை என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் அந்தப் பரிசோதனை எதை அளக்கிறது என்று பார்ப்போம். தொண்டை நோவு, சீழ்ப் பொக்குளம், கால் வீக்கம் என்று பல வேடம் போடும் ஏ வகை ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற பக்டீரியா, ஸ்ட்ரெப்டோலைசின் ஓ என்ற நஞ்சைக் கக்குகிறது. செங்குருதிக் கலங்களை உடைக்கும் நஞ்சு அது. அதற்கு எதிராக நமது உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரியின் அளவைத்தான் ஏ.எஸ்.ஓ.டி. சொல்கிறது. 1932இல் டொட் என்பவர் இதை விவரித்தார். தொண்ணூறு வருடங்கள் கடந்தும் சின்ன ஆய்வுகூடங்கள் வரை புழக்கத்தில் இருக்கிறது. கவனிக்க வேண்டியது ஒன்று: பக்டீரியா உடலுக்குள் நுழைந்த அன்றைக்கே இந்தப் பிறபொருளெதிரி, சுருக்கமாக எதிரி, பிறப்பதில்லை. ஒரு கிழமை சென்று ஏறத் தொடங்கி, மூன்று முதல் ஐந்து கிழமைக்குள் உச்சிக்குப் போய், பிறகு மாதக்கணக்கில் மெதுவாக இறங்கும்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சம்பளச் சீட்டைச் சொன்னால் உடனே விளங்கும். போன மாதம் யாருக்கு எத்தனை பேர் விழுந்தது என்பது அதில் இருக்கும். இன்று காலை மலையில் யார் நிற்கிறார்கள் என்பதை அதில் தேடினால் கிடைக்குமா? ஏ.எஸ்.ஓ.டி.யும் அப்படித்தான். கிருமி வந்து போன கணக்கைச் சொல்லும். இன்றைக்கு எரியும் காய்ச்சலைப் பற்றி அதனிடம் கேட்கக் கூடாது.

இனி, மிகவும் அவசரமான விடயத்துக்கு வருகிறேன். மற்றவற்றில் தவறு நேர்ந்தால் பணமும் நாளும் போகும். இதில் உயிர் போகும்.

என் பெரியம்மா மஸ்கெலியாப் பக்கம் கொழுந்து பறித்தவர். ஒரு மழைக்காலத்தில் கணுக்காலில் அட்டை கடித்தது. அட்டைக்கடி எங்களுக்குப் புதிதா? சுண்ணாம்பைத் தடவிவிட்டு மறுநாளும் மலைக்குப் போனார். மூன்றாம் நாள் மத்தியானம் குளிர் எடுத்து நடுங்கத் தொடங்கியது. மாலையில் கால் தாங்க முடியாமல் வலித்தது. பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு, கொஞ்சம் வீக்கம், வேறொன்றும் இல்லை. போர்வை பட்டாலே கத்தினார். இரவு எட்டு மணிக்குத் தம்பி எனக்குத் தொலைபேசி எடுத்தான். "அக்கா, காலையில் பெரியம்மாவை உன்னிடம் கூட்டி வருகிறேன். அந்த நானூறு, எண்ணூறு பார்க்கிற டெஸ்டை எடுத்துப் பார்த்துவிடு."

காலை வரை வைத்திருக்காதே, என்னிடம் கொண்டு வரவே வராதே, 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் நேரே ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டு போ என்று கத்தினேன். தொலைபேசியை வைத்த பின்னும் கை நடுங்கியது. தோலில் தெரிவது சிறிதாகவும் வலி பெரிதாகவும் இருந்தால், கிருமி தோலுக்கு அடியில் தசையின் உறை வழியே ஓடிக்கொண்டிருக்கலாம். தசையுறை அழுகல் என்று எழுதுவார்கள். சதை தின்னும் நோய் என்று பத்திரிகைகள் போடும். அன்றிரவே சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் கொண்டு போய்க் கெட்ட சதையை வெட்டி எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும். பிறகு தொடையிலிருந்து தோலை எடுத்து வைத்து மூடினார்கள். இன்றைக்குப் பெரியம்மா ஊன்றுகோலோடு தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து வெயில் காய்கிறார்.

அன்றிரவு நான் ஏ.எஸ்.ஓ.டி. பார்த்திருந்தால் என்ன வந்திருக்கும்? ஏறக்குறைய நிச்சயமாக, சாதாரண அளவு. கடித்து மூன்று நாட்கள்தான் ஆகியிருந்தன. எதிரி பிறக்கவே நேரமில்லை. அந்தச் சாதாரண அளவை நம்பி ஒரு பரசிற்றமோலைக் கொடுத்துப் படுக்க வைத்திருந்தால், மறுநாள் மாலை நாங்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்போம்.

இப்படியான கடும் தொற்றில் ஆய்வுகூடத்திலிருந்து உதவக்கூடியது எது? முதலாவது குருதி வளர்ப்பு, அதாவது பிளட் கல்ச்சர். நுண்ணுயிர்கொல்லி ஏற்றுவதற்கு முன்னர் இரத்தத்தை எடுத்துப் போத்தலில் விட்டு அடைகாக்க வைத்தால், பல நேரம் ஒரு நாளுக்குள்ளேயே கிருமி வளர்ந்துவிடும். பெரியம்மாவின் போத்தல் மறுநாளே கலங்கியது. கிருமியின் நஞ்சால் இரத்த அழுத்தம் சரிந்து உறுப்புகள் செயலிழக்கும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் நஞ்சு அதிர்ச்சி என்னும் நிலைக்குப் போனவர்களில் பத்துக்கு ஆறு பேரளவில் இரத்தத்தில் கிருமி பிடிபடும். வெறும் தோல் வீக்கத்தில், செலுலைட்டிஸ் என்று வார்ட்டில் எழுதுவார்களே, அதில் நூற்றுக்கு ஐந்து பேரிலும் பிடிபடுவது அரிது. சத்திரசிகிச்சையில் வெட்டியெடுத்த சதையிலிருந்து செய்யும் வளர்ப்பு இன்னும் நம்பகமானது. இவற்றோடு வெண்குருதிக் கலங்கள், ஈமோகுளோபின், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., சோடியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின், குளுக்கோசு. இந்தச் சாதாரண அளவுகளைக் கூட்டி தசையுறை அழுகலுக்குப் புள்ளி போடும் முறை ஒன்றை 2004இல் சிங்கப்பூரில் உருவாக்கினார்கள். புள்ளி கூடினால் சந்தேகம் கூடும். குறைந்தால் நோயில்லை என்று அர்த்தமில்லை. கடைசியில் கத்தியை எடுப்பதா என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணரின் கண்ணும் கையும்தான் தீர்மானிக்கின்றன, எங்கள் சீட்டு அல்ல. குருதி வளர்ப்புக்காக மருந்தைத் தாமதிப்பதும் கூடாது; போத்தல் இல்லாவிட்டால் மருந்தை ஏற்றிவிட வேண்டியதுதான். அந்த அதிர்ச்சி நிலைக்குப் போய்விட்டால், நல்ல வைத்தியம் கிடைத்தாலும் மூன்றில் ஒருவரளவில் இறந்துபோகிறார்கள்.

கடும் தொற்றில் பிறபொருளெதிரிக்கு இடமே இல்லையா என்றால், இரண்டு இடம் இருக்கிறது. ஆயிரக்கணக்கானவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்துச் சேர்த்த பிறபொருளெதிரியை, அதிர்ச்சி நிலையில் இருக்கும் நோயாளிக்குச் சில பெரிய வைத்தியசாலைகளில் நாளத்தின் வழியே ஏற்றுவார்கள். அங்கே அது பரிசோதனை அல்ல, மருந்து. மற்றது, முன்கூட்டியே மருந்து கொடுத்துவிட்டதால் எந்த வளர்ப்பிலும் கிருமி பிடிபடாத நோயாளி. அவருக்கு வந்த நாளில் எடுத்த இரத்தத்தையும் இரண்டு முதல் நான்கு கிழமைக்குப் பிந்திய இரத்தத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், வந்தது ஸ்ட்ரெப்டோகொக்கஸ்தானா என்று பின்னோக்கிச் சொல்லலாம். பதிவுப் புத்தகத்துக்கு அது நல்லது. சிகிச்சை அதற்குள் முடிந்திருக்கும்.

ஆகவே வலி அதிகம், குளிர் நடுக்கம், நாடி படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம், சிவப்பின் எல்லை மணிக்கு மணி நகர்வது என்று எது இருந்தாலும் தனியார் ஆய்வுகூடத்தின் பக்கமே வர வேண்டாம். பேனாவால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதிக்கொண்டு வண்டி ஏறுங்கள். அந்தக் கோட்டை வார்ட்டில் முதலில் பார்ப்பார்கள்.

தொண்டை நோவு இதற்கு நேரெதிர். அவசரம் குறைவு, குழப்பம் கூட. பிள்ளை மடுவத்தில், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில், ஒரு பிள்ளைக்கு வந்தால் அடுத்த கிழமைக்குள் பாதிப் பிள்ளைகள் இருமுவார்கள். அதில் பெரும்பகுதி வைரஸ். இருமலும் மூக்கு வடிதலும் இருந்தால் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் ஆக இருக்கும் வாய்ப்புக் குறைவு. இருமல் இல்லாமல், காய்ச்சலோடு, உள்நாக்குப் பக்கத்துச் சதையில் வெள்ளைப் படலம் படர்ந்து, தாடைக்குக் கீழே கட்டி நொந்தால் சந்தேகப்பட வேண்டும்.

இங்கே மூன்று வழி இருக்கிறது. தொண்டையைத் துடைத்து வளர்ப்புச் செய்யலாம். பஞ்சுக் குச்சியை இரண்டு பக்கச் சதையிலும் பின்சுவரிலும் படுமாறு தேய்த்து, நாக்கில் படாமல் எடுக்க வேண்டும். பிள்ளை ஓங்கரித்தால்தான் சரியாக எடுத்ததாக நான் நம்புவேன். அதை இரத்தம் கலந்த ஏகார் என்ற ஊட்டக்கூழ்த் தட்டில் கீறி ஓர் இரவு வைத்தால், கிருமி வளர்ந்த இடத்தைச் சுற்றி இரத்தம் உடைந்து கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். சரியாக எடுத்த துடைப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிடிபடும். ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள் செல்லும். இரண்டாவது விரைவுப் பரிசோதனை. கொரோனாக் காலத்தில் மூக்கில் விட்டுப் பார்த்தோமே, அதே மாதிரியான பட்டை. பத்து நிமிடத்தில் முடிவு வரும். கோடு விழுந்தால் பெரும்பாலும் நம்பலாம், விழாவிட்டால் பிள்ளைகளில் வளர்ப்பும் செய்து உறுதிப்படுத்துவது நல்லது. எங்கள் பக்கத்துச் சின்ன வைத்தியசாலைகளில் இந்தப் பட்டையை நான் கண்டதில்லை. இருந்தால் அரைவாசி அலைச்சல் குறையும்.

மூன்றாவது ஏ.எஸ்.ஓ.டி. இதைத் தொண்டை நோவுக்கு எடுப்பது வீண். நாட்களை எண்ணிப் பாருங்கள். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தொண்டை நோவுக்கு, தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் பெனிசிலினை ஆரம்பித்தால், பின்னால் மூட்டையும் இருதயத்தையும் தாக்கும் வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம். பத்து நாள் மாத்திரை, அல்லது ஒரே ஓர் ஊசி. பிறபொருளெதிரியோ ஒரு கிழமை சென்றுதான் ஏறவே தொடங்கும். அது உச்சிக்கு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் தடுக்க வேண்டிய காலம் கடந்திருக்கும். தொண்டை நோவோடு வருகிறவரின் ஏ.எஸ்.ஓ.டி. கூடியிருந்தால், அது போன மாதத்து நோவின் மிச்சமாகவும் இருக்கலாம்.

வளர்ப்புக்கும் ஒரு குறை உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர் அளவில் எந்த நோயும் இல்லாமலே இந்தக் கிருமியைத் தொண்டையில் சுமந்து திரிகிறார்கள். அவர்களுக்குச் சாதாரணத் தடிமன் வந்த நேரத்தில் துடைத்தாலும் கிருமி வளரும். அது வெறும் சுமையா, உண்மையான தொற்றா என்பதைப் பிறபொருளெதிரி ஏறியதை வைத்துப் பிரிக்கலாம்தான். அதுவும் காலம் கடந்த பிறகு. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் மிச்சமிருந்த அமொக்சிசிலினை இரண்டு வேளை கொடுத்துவிட்டுத் தொண்டையைத் துடைக்கக் கூட்டி வருகிறார்கள். பிறகு ஒன்றும் வளரவில்லை என்றால் அந்த முடிவுக்கு என்ன மதிப்பு? முதலில் துடைப்பு, பிறகு மருந்து.

ஏ.எஸ்.ஓ.டி.யின் சொந்த வீடு வாதக் காய்ச்சல். தொண்டை நோவு ஆறி இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு முழங்கால் வீங்கிச் சிவந்து, அது வற்றும்போது கணுக்கால், பிறகு முழங்கை என்று வலி இடம் மாறித் திரியும். சில பிள்ளைகளில் இருதயத்தின் உட்புறம் அழன்று வால்வு கெடும். அந்த நேரத்தில் தொண்டையைத் துடைத்தால் கிருமி பெரும்பாலும் போயிருக்கும். போன மாதத்துக் கணக்கு அப்போதுதான் தேவைப்படுகிறது. இந்த நோயைத் தீர்மானிக்க 1944இல் ஜோன்ஸ் என்ற வைத்தியர் வகுத்து, கடைசியாக 2015இல் திருத்தப்பட்ட விதிகளும் முன்னர் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் வந்ததற்கு ஓர் அத்தாட்சியைக் கேட்கின்றன. ஏ.எஸ்.ஓ.டி. அந்த அத்தாட்சிகளில் ஒன்று. அது மட்டுமே நோயாகாது. மூட்டு, இருதயம், கட்டுப்பாடில்லாமல் கைகால் ஆடுதல், தோலில் வளையத் தடிப்பு, தோலுக்கடியில் சிறு கட்டி என்று உடலில் தெரிகிற அடையாளங்கள் முதலில் வேண்டும்.

இதை மறந்ததால் கெட்ட கதை ஒன்று எனக்குத் தெரியும். ஓர் இளைஞன், எங்கள் ஊருக்கு அடுத்த தோட்டம். பதினொரு வயதில் கால் உளைச்சல், ஏ.எஸ்.ஓ.டி. 800. அதை வைத்தே வாதக் காய்ச்சல் என்று கிளினிக் கொப்பியில் எழுதிவிட்டார்கள். எழுதியவர் யார் என்பது இங்கே வேண்டாம். மூன்று கிழமைக்கு ஒரு தடவை இடுப்பில் பெனிசிலின் ஊசி, இருபத்தொரு வயது வரை. பத்து வருடத்துக்குப் பிறகு வேறோர் வைத்தியர் எக்கோ என்ற இருதய ஸ்கேன் எடுத்துப் பழைய கொப்பியைப் புரட்டிப் பார்த்தபோது, அந்த நோய் இருந்ததற்கு வேறெந்த அடையாளமும் அதில் இல்லை. இதைப் படித்துவிட்டு ஊசி போட்டுக்கொண்டிருக்கும் யாரும் தாமாக நிறுத்திவிட வேண்டாம். உண்மையில் வாதக் காய்ச்சல் வந்தவரின் வால்வை அந்த ஊசிதான் காப்பாற்றுகிறது. நிறுத்தினால் அடுத்த தொண்டை நோவிலேயே மீண்டும் வரலாம். சந்தேகம் இருந்தால் கொப்பியைக் கொண்டுபோய் இருதய கிளினிக்கில் கேளுங்கள்.

அந்த எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். 400 என்பது எங்கிருந்து வருகிறது? எங்களைப் போன்ற ஆய்வுகூடங்களில் பெரும்பாலும் லேட்டெக்ஸ் முறைதான். கறுப்புக் கண்ணாடித் தட்டில் வட்டங்கள் இருக்கும். இரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரான நீர்ப்பாயம் ஒரு துளி, பக்கத்தில் பால் போன்ற லேட்டெக்ஸ் ஒரு துளி. குச்சியால் கலக்கிவிட்டுத் தட்டை இரண்டு நிமிடம் மெதுவாகச் சாய்த்துச் சுழற்ற வேண்டும். எதிரி போதுமான அளவில் இருந்தால் பால் திரிந்தது போல மணல் மணலாகக் கட்டும். 200க்கு மேல் என்று அர்த்தம். பிறகு நீர்ப்பாயத்தை ஒன்றுக்குப் பாதியாகக் கரைத்து மறுபடி பார்ப்போம். அப்போதும் திரிந்தால் 400. இன்னொரு பாதி, 800. இடையில் 250, 310 என்று எதுவும் கிடையாது, படிக்கட்டு மாதிரி. ஒரு படி முன்பின் ஆவது அந்தக் கை, அந்தக் கண், அந்தத் தட்டின் குற்றமாக இருக்கலாம். இரண்டு படி ஏறினால், அதாவது நான்கு மடங்கானால், அதற்கு அர்த்தம் உண்டு.

மலைநாட்டுக்கென்று ஒரு தொல்லையும் இருக்கிறது. இந்த லேட்டெக்ஸ் 15 முதல் 25 பாகை செல்சியஸில்தான் ஒழுங்காக வேலை செய்யும். நுவரெலியாவில் வேலை செய்த காலத்தில், தை மாதக் காலையில் அறைக்குள்ளேயே மூச்சு புகையாகும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த போத்தலை உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு ஒரு பிளேன்டீ குடித்து முடித்த பிறகுதான் திறப்பேன். குளிரோடு செய்தால் திரிய வேண்டியது திரியாது. நோயாளிக்கு ஒன்றும் இல்லை என்று சீட்டுப் போய்விடும். மறுபுறம், 2022இல் மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்ட நாட்களில் ஒன்று. தட்டைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் போய்விட்டது. தொலைபேசி வெளிச்சத்தைத் தேடிப் பிடித்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. எல்லா வட்டமும் திரிந்திருந்தன. இரண்டு நிமிடம் தாண்டினால் துளி காய்ந்து தானாகக் கட்டும். முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி செய்தேன். ஒன்றைத் தவிர மற்றவை பால் போலவே இருந்தன. முதல் தட்டை நம்பிச் சீட்டு எழுதியிருந்தால் அன்றைக்கு எத்தனை வீட்டில் சோறு இறங்கியிருக்காது.

வயதும் உண்டு. 200 என்ற எல்லை பெரியவர்களுக்கு. பள்ளிக்கூட வயதில் தொண்டை நோவு அடிக்கடி வந்து போவதால் நல்ல சுகத்தோடு ஓடியாடும் பிள்ளைக்கும் 300ஐத் தாண்டியிருக்கலாம். ஈரல் நோய், கொழுப்பு மிகுந்து கலங்கிய நீர்ப்பாயம் போன்றவையும் பொய்யாக ஏற்றிக் காட்டும். சீ, ஜி வகை ஸ்ட்ரெப்டோகொக்கஸ்களும் அதே நஞ்சைக் கக்குவதால் அவற்றுக்கும் ஏறும். நேரத்துக்குப் பெனிசிலின் கொடுத்த பிள்ளையில் ஏறாமலும் போகலாம்.

லயங்களில் தொண்டையை விடத் தோல்தான் பெரிய பிரச்சினை. ஒரு காம்பராவில் ஆறேழு பேர், குறைந்த தண்ணீர், சொறி; சொறிந்த இடத்தில் சீழ்ப் பொக்குளம். இந்தக் கிருமி தோல் வழியாக வந்தால் ஏ.எஸ்.ஓ.டி. ஏமாற்றிவிடும். தோலிலுள்ள கொழுப்பு ஸ்ட்ரெப்டோலைசினைக் கட்டிப்போட்டுவிடுவதால் எதிரி சரியாகப் பிறப்பதில்லை. அங்கே தேவைப்படுவது டி.என்.ஏஸ் பி என்ற இன்னொரு பொருளுக்கு எதிரான பிறபொருளெதிரி. அது தோல் தொற்றிலும் நன்றாக ஏறும். சற்றுத் தாமதமாக ஆறு முதல் எட்டுக் கிழமையில் உச்சிக்கு வந்து, அதிக நாள் தங்கும்.

இது முக்கியமாகிற இடம் சிறுநீரகம். காலையில் பிள்ளையின் முகமும் கண்ணிமையும் ஊதியிருக்கும். சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போகும். தாய்மார் இதை வேறெந்தச் சொல்லாலும் சொல்லி நான் கேட்டதில்லை. தொண்டை நோவுக்கு ஒன்றிரண்டு கிழமையிலும், தோல் புண்ணுக்கு மூன்று முதல் ஆறு கிழமையிலும் இது வரும். இங்கே எந்தப் பிறபொருளெதிரிக்கும் முன்னர் செய்ய வேண்டியவை மலிவானவை: இரத்த அழுத்தம், சிறுநீரை நுணுக்குக்காட்டியில் பார்த்தல், கிரியற்றினின். செங்குருதிக் கலங்கள் குழாய் வடிவில் ஒட்டிக்கொண்டு கிடப்பதைக் கண்டால் பாதி முடிவு வந்துவிடும். அடுத்து சி3 என்ற புரதம். இந்த நோயில் குறைந்து, ஆறு முதல் எட்டுக் கிழமையில் மீண்டும் சாதாரணமாகும். ஏறாவிட்டால் வேறு சிறுநீரக நோயைத் தேட வேண்டும். புண் வழியாக வந்த நோயில் ஏ.எஸ்.ஓ.டி. சாதாரணம் என்று சீட்டு வந்தால், ஸ்ட்ரெப்டோகொக்கஸ் இல்லை என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

இரண்டையும் சேர்த்து எடுத்தால் எவ்வளவு லாபம்? வாதக் காய்ச்சல் பிள்ளைகளில் ஏ.எஸ்.ஓ.டி. மட்டும் எடுத்தால் நூற்றுக்கு எண்பது பேரளவில் கூடியிருக்கும், டி.என்.ஏஸ் பி.யையும் சேர்த்தால் தொண்ணூறைத் தாண்டும். கைகால் ஆடும் பிள்ளைக்கு இது இன்னும் பொருந்தும். அந்த ஆட்டம் தொண்டை நோவுக்கு மாதக்கணக்கில் பிந்தியே வரும், அதற்குள் ஏ.எஸ்.ஓ.டி. இறங்கியிருக்கும். ஆனால் நான் வேலை செய்த எந்த ஆய்வுகூடத்திலும் டி.என்.ஏஸ் பி செய்ததில்லை. இரத்தத்தைப் பிரித்து வெளியே அனுப்ப வேண்டும், செலவும் கூட. ஆகவே மூட்டு வீங்கிய எல்லோருக்கும் முதல் நாளே இரண்டையும் கேட்பதை விட, முதலில் ஏ.எஸ்.ஓ.டி.யும் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி.யும்; அடையாளங்கள் பொருந்தியும் ஏ.எஸ்.ஓ.டி. கைகொடுக்காவிட்டால் மற்றது. தோல் புண்ணுக்குப் பின்னர் வந்த சிறுநீரக நோயென்றால் நேரே டி.என்.ஏஸ் பி. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், இருதயத்தில் சத்தம் கேட்ட பிள்ளைக்கு எக்கோவை முதலில் எடுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் அது இலவசம், காத்திருக்கத்தான் வேண்டும்.

அந்தத் தந்தையிடம் இத்தனையும் சொல்லவில்லை. சீட்டில் உள்ள எண்ணுக்கு மருந்து இல்லை, பிள்ளையைக் காட்டுங்கள் என்று வெளிநோயாளர் பிரிவுக்கு அனுப்பினேன். திங்கட்கிழமை மகளோடு வந்தார். வைத்தியர் முழங்காலை மடக்கிப் பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, ஈ.சி.ஜி. எடுத்து, வீக்கமில்லை, சத்தமில்லை என்று கொப்பியில் எழுதியிருந்தார். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பார்க்கவும், மூன்று கிழமை சென்று ஏ.எஸ்.ஓ.டி.யை மறுபடி ஒப்பிடவும் சொல்லியிருந்தார். முதலிரண்டும் சாதாரணம். மீதி நீர்ப்பாயத்தைச் சிறு குழாயில் அடைத்து, பெயரும் திகதியும் எழுதிப் பனிப்பெட்டியில் போட்டு வைத்தேன். இரண்டையும் ஒரே நாளில், ஒரே போத்தலில், ஒரே கையால் செய்தால்தான் ஏறியதா இறங்கியதா என்று சொல்ல முடியும்.

மூன்று கிழமைக்குப் பிறகு பிள்ளை பள்ளிக்கூட உடுப்போடு வந்து கையை நீட்டினாள். ஊசியைப் பார்க்காமல் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய குழாயை இளக வைத்து, மேல் வரிசையில் பழையது, கீழ் வரிசையில் புதியது. இரண்டு நிமிடம் தட்டைச் சாய்த்தேன். மேலே முதல் வட்டமும் இரண்டாவதும் திரிந்தன, மூன்றாவது பால். கீழேயும் அப்படியே.

தந்தை தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "இறங்கவில்லையே மிஸ்."

"ஏறவும் இல்லை" என்றேன்.

சீட்டை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பத்தரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மகள் அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.